நாய்க்கும் ஒரு பெல்ட்!

மலைப் பாதையில் காரில் நாயைக் கொண்டு போவது எப்படி?

நீலகிரி மலையில், குந்தா தாலுகாவில் இருக்கிறது மஞ்சூர். சுற்றிலும் தேயிலைத் தோட்டம்.

அங்கிருந்து கோவைக்கு இறங்க ஒரு காட்டு வழி உண்டு. கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு, காரமடை என்று அது போகிறது. அந்த வழியில் 43 கொண்டை ஊசி வளைவுகள்!

மனிதருக்கே தலை சுற்றும் பாதை அது. நாய்க்கு எப்படி இருக்கும்?

மஞ்சூர்ப் பக்கத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. ஹட்டிகளிலும் நாய் உண்டு. எஸ்டேட் லைன் வீடுகளிலும் நாய் உண்டு. நாய்க்குச் சீக்கு வந்தால் ஊட்டிக்கோ கோவைக்கோ கொண்டு போக வேண்டி வரும். வீடு மாற்றிப் போகும்போதும் நாய் கூட வரும். காரில்தான் ஏற்றுவார்கள்.

ஏற்றுகிறார்கள் சரி. எப்படி ஏற்றுகிறார்கள்? அதில்தான் அபாயம் இருக்கிறது.

பிடித்துக்கொள்ளக் கை இல்லை

கார் வலது பக்கம் வளைந்தால் உள்ளே இருப்பவர்கள் இடது பக்கம் சாய்வார்கள். மனிதர் கம்பியைப் பிடித்துக்கொள்வார். முன் சீட்டைப் பிடித்துக்கொள்வார். நாய் எதைப் பிடிக்கும்? நான்கு காலையும் ஊன்றி நிற்கப் பார்க்கும். சீட்டோ வழவழப்பு. நகம் பதியாது. ஒரு வளைவில் இந்தக் கதவில் மோதும். அடுத்த வளைவில் அந்தக் கதவில் மோதும்.

இது சாதாரணமாகப் போகும்போது. திடீரென்று பிரேக் போட்டால்?

மலையில் பிரேக் அடிக்கடி போட வேண்டியதுதான். குறுகலான இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. வளைவு திரும்பியதும் எதிரே பஸ் நிற்கும். கார் நின்றுவிடும். நாய் நிற்காது! கார் போன அதே வேகத்தில் நாய் முன்னால் பாயும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் நாய்க்கு, சுமார் 12 அடி உயரத்திலிருந்து விழுந்த அடி விழும். 40 கிலோமீட்டர் என்றால் 20 அடி. 50 கிலோமீட்டர் என்றால் 32 அடி. அதாவது மூன்று மாடி உயரம்!

நன்றாக வளர்ந்த ராஜபாளையம் நாய் 25 கிலோ இருக்கும். அது பாய்ந்து வந்து மோதுவது யார் மேல்? முன் சீட்டில் இருப்பவர் தலையில். நாயைக் கட்டி வைப்பது நாய்க்காக மட்டும் அல்ல.

கழுத்தில் கட்டாதீர்கள்!

“நாங்கள் கட்டித்தானே கொண்டு போகிறோம்” என்பார்கள் சிலர். எதில் கட்டுகிறார்கள்? கழுத்துப் பட்டையில்! வீட்டு வாசலில் கட்டும் அதே சங்கிலியைக் கொண்டுவந்து, சீட்டிலோ கதவுப் பிடியிலோ மாட்டிவிடுகிறார்கள்.

கட்டாமல் விடுவது ஓர் அபாயம் என்றால், இது இன்னோர் அபாயம். பிரேக் போட்டதும் நாயின் உடம்பு முழுவதும் முன்னால் போகும். கழுத்து மட்டும் நின்றுவிடும். மூச்சுக் குழல் நசுங்கலாம். கழுத்து எலும்பு முறியலாம்.

திறந்த ஜீப்பிலும், பிக்-அப் வண்டியிலும் இன்னும் மோசம். நீளச் சங்கிலியில் கட்டி, பின்னால் நிறுத்துவார்கள். வழியில் வேறு நாயைக் கண்டதும் அது குதிக்கும். சங்கிலி தரை வரை எட்டாது. வண்டிக்கு வெளியே கழுத்தில் தொங்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவர் ஆரன் அடித்துச் சொன்னால் உண்டு.

ஆகவே, கட்ட வேண்டியது கழுத்தில் அல்ல, மார்பில்! நாய்ச் சாமான் விற்கும் கடைகளில் ‘ஹார்னஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். மார்பையும் தோளையும் சுற்றி வரும் அகலமான பட்டை அது. இழுப்பு வந்தால் மார்பு எலும்பு தாங்கிக்கொள்ளும். மனிதருக்கு சீட் பெல்ட் செய்யும் அதே வேலை.

மனிதருக்கே இந்த பெல்ட் வந்தது 1959-ல்தான். ஸ்வீடன் நாட்டில் வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற என்ஜினீயர் இருந்தார். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து மாட்டும் பெல்ட்டை அவர்தான் அமைத்தார். உயிர் காக்கும் பொருள் என்பதால், மற்ற கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ள வால்வோ அனுமதித்தது.

எல்லா ஹார்னஸும் நல்லதா? இல்லை. அமெரிக்காவில் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ என்று ஒரு சங்கம் இருக்கிறது. நாய் போலவே எடை உள்ள பொம்மைகளுக்கு ஹார்னஸ் மாட்டி, மோதிப் பார்க்கும் சோதனையை 2013-ல் அது நடத்தியது. பல ஹார்னஸ்கள் தேறவில்லை. பொம்மைகள் சீட்டை விட்டுப் பறந்தன. நடைக்குக் கூட்டிப் போகும் மெல்லிய பட்டை வேறு, காருக்கான பட்டை வேறு. வாங்கும்போது, கார் மோதல் சோதனை செய்ததா என்று கேட்க வேண்டும். தையல் கெட்டியா, கொக்கி இரும்பா பிளாஸ்டிக்கா என்றும் பார்க்க வேண்டும்.

மாட்டும் முறை

நாய்க்கு இடம் பின் சீட்டுதான். முன் சீட்டு ஆகாது. முன்னால் ‘ஏர் பேக்’ இருக்கிறது. மோதினால் அது கண் இமைக்கும் நேரத்தில் விரியும். ஆளைக் காப்பாற்றச் செய்த அந்தப் பை, நாயை அடித்துத் தூக்கி எறியும்.

ஓட்டுகிறவர் மடியில் நாயை வைப்பது மகா தவறு. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் நாயின் தலை வந்தால்? குட்டி நாய் என்றால் காலடியில் இறங்கி, பிரேக்குக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கேட்பானேன்!

பட்டையை மாட்டியபின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ச்சி கூடாது. அதிலிருந்து ஒரு குட்டைப் பட்டையை எடுத்து, சீட் பெல்ட் கொக்கியில் மாட்ட வேண்டும். நாய் உட்காரலாம், படுக்கலாம். ஆனால் சீட்டை விட்டுக் கீழே விழும் அளவுக்கும், முன் சீட்டை எட்டும் அளவுக்கும் நீளம் இருக்கக் கூடாது. சீட்டில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டால் கால் வழுக்காது.

சிறிய நாய்க்குக் கூண்டு நல்லது. கூண்டை முன் சீட்டுக்குப் பின்னால், தரையில் அசையாமல் இடுக்கி வைக்கலாம். சும்மா சீட்டின் மேல் வைத்தால் நாயோடு கூண்டும் பறக்கும். பிக்-அப்பில் ஏற்றினாலும் கூண்டுதான். அதையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். மூடிய டிக்கியில் நாயைப் போடவே கூடாது. காற்று இல்லை.

புறப்படும் நாளன்று முதன்முதலாகப் பட்டையை மாட்டினால் நாய் கடித்துக் குதறிவிடும். ஒரு வாரம் முன்பே வீட்டில் மாட்டிப் பழக்க வேண்டும். நிற்கும் காரில் உட்கார வைத்து ஒரு பிஸ்கட் கொடுக்கலாம்.

வளைவுகளில் நாய்க்கும் வாந்தி வரும். வாயில் எச்சில் ஒழுகினால் அதுதான் அடையாளம். 1978-ல் வந்த பிராணிகள் போக்குவரத்து விதிகள், நெடுந்தூரம் போகும் நாய்க்கு 2 மணி நேரம் முன்பே தீனி கொடுத்துவிட வேண்டும் என்கின்றன. கோடையில் 4 மணிக்கு ஒரு முறையும், குளிர் காலத்தில் 6 மணிக்கு ஒரு முறையும் தண்ணீர் காட்டச் சொல்கின்றன.

வழியில் யானை!

கெத்தைப் பாதையில் யானை வரும். பஸ்ஸே நின்று காத்திருக்கும். அந்த நேரத்தில் நாய் குரைத்தால்? யானைக்கு நாயைக் கண்டால் ஆகாது. கட்டாத நாய் பாதி திறந்த கண்ணாடி வழியே பாய்ந்துவிட்டால் இன்னும் மோசம். யானை துரத்தும். நாய் எங்கே ஓடும்? எஜமானரிடம்தான் ஓடி வரும். யானையையும் கூட்டிக்கொண்டு வரும்!

சிறுத்தைக்கோ நாய் பிடித்த இரை. மஞ்சூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகையால் காட்டுக்குள் கண்ணாடி ஏறி இருக்க வேண்டும். கதவுப் பொத்தானை நாய் காலால் மிதித்துக் கண்ணாடியை இறக்கிவிடும். அதைப் பூட்டி வைக்கலாம். நாய் சிறுநீர் கழிக்க நிறுத்துவது ஊர் இருக்கும் இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் சட்டப்படி நாயும் ஒரு சுமை. சுமையைக் கட்டாமல் ஏற்றினால் அபராதம். இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தில் 57-வது விதி, நாயைப் பட்டையிலோ கூண்டிலோ வைக்கச் சொல்கிறது.

நம் நாட்டில் 1960-ல் வந்த மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. இதற்கு வழி காட்டியவர் சென்னைக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1950-களில் ராஜ்ய சபையில் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பிறகு அரசாங்கமே சட்டம் செய்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வண்டியில் பிராணி வேதனைப்படும்படி கொண்டு போவது அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை.

காரமடையில் இறங்கும்போது

மலை இறங்கியதும் வெயில் கொளுத்தும். குளிரில் வளர்ந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். சாப்பிடப் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயைக் காரிலேயே விட்டுப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் கார் 10 நிமிஷத்திலேயே சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும். யாராவது ஒருவர் நாயோடு நிழலில் நிற்கட்டும்.

கீழே இறக்கும்போது அவசரம் கூடாது. நெடுநேரம் கட்டுண்டு கிடந்த நாய், கதவு திறந்ததும் ரோட்டில் பாயும். அங்கே லாரி வரும். முதலில் நடைக் கயிற்றை மாட்டி, அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம்தான் சீட் பெல்ட் கொக்கியைக் கழற்ற வேண்டும்.