தங்கமும் புற்றுநோயும்

தங்கத்தின் நிறம் யாதென்று வினவினால், மஞ்சள் என்று குழந்தையும் விடையிறுக்கும். அவ்விடை நகைக்கும் நாணயத்துக்கும் பொருந்தும். தங்கத்துக்கு எக்காலத்தும் பொருந்துமென்று சொல்வதற்கில்லை. 1857-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் லண்டன் ராயல் சொஸைட்டியின் முன் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் ஓர் உபந்நியாசம் செய்தார். தங்க உப்பு கரைந்த நீரில் பாஸ்பரஸைச் சேர்த்தபோது மாணிக்கம் போன்ற செந்நீர் கிடைத்ததென்றும், அச்சிவப்பு கண்ணுக்குப் புலனாகாதபடி பொடிந்துபோன தங்கத்தாலேயே உண்டாயிற்றென்றும் அவர் அதில் எடுத்துரைத்தார். அவர் தம் கையாற் செய்த அந்நீர் சிறு சீசாக்களில் அடைபட்டு, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றது.

அரசியல் விவகாரங்களுக்குரிய இப்பத்தியில் இது ஏன் என்று நமது நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. "தங்கத்தால் புற்றுநோய் தீர்ந்தது" என்பது போன்ற தலைப்புகள் அடிக்கடி வெளியாகின்றன. சாதாரண வாசகர் அதனைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு, வைத்தியச் செலவுக்கு மனைவியின் நகைகளை ஒவ்வொன்றாக விற்று வருபவர் அவ்வாறு போகமாட்டார். அவர்பொருட்டே இவ்விஷயத்தில் உள்ளது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முற்படுகிறோம்.

ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இருபது நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளின் மீது ஒளி படும்போது, அதிலுள்ள எலெக்ட்ரான்கள் யாவும் ஒருங்கே ஊசலாடுகின்றன. அவ்வூசலுக்கு இசைந்த பச்சை ஒளியைத் துகள் விழுங்கிவிட, எஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது. இதன் கணிதத்தை 1908-ல் ஜெர்மானியராகிய குஸ்டாவ் மீ வகுத்தார். துகளைக் கோல் போல் நீட்டினாலோ, கண்ணாடி போன்ற சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓடாகப் போர்த்தினாலோ, அது விழுங்கும் ஒளி செந்நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதிக்குச் செல்லும். விசேஷம் இங்கேதான் இருக்கிறது. அகச்சிவப்பின் ஒரு பகுதி இரத்தத்தாலும் நீராலும் அதிகம் தடைபடாமல், சதையினுள் சில சென்டிமீட்டர் வரை ஊடுருவவல்லது. உள்ளே தங்கம் இருக்குமிடத்தில் மட்டும் அது வெப்பமாக மாறும்.

தங்கம் சாட்சி சொல்லும் தொழிலில் ஏற்கெனவே தேர்ந்துவிட்டது. கர்ப்பத்தை அறிய வீட்டிலேயே உபயோகிக்கும் பட்டையில் தோன்றும் செங்கோடு பெரும்பாலும் பாரடே கண்ட அதே சிவப்புத்தான். 2020-க்குப் பின் கொரோனாவைக் கண்டறிய வந்த பட்டைகள் பலவற்றிலும் அதுவே பயன்பட்டது. தேடப்படும் பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தங்கத் துகளின் மேல் ஒட்டி அனுப்புகிறார்கள். கோட்டிலே துகள்கள் சிக்கிக் குவிந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. விலை சொற்பம், படிப்பறியாதவரும் உபயோகிக்கலாம்.

எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் ஜார்ஜியா தொழிற்கழகத்தில் பணிபுரிந்த ரசாயன சாஸ்திரி முஸ்தபா எல்-சையத், இதே உபாயத்தை உயிரணுக்களிடம் கையாண்டார். அறுவை வைத்தியராகிய அவருடைய புதல்வரும் அதில் உடனுழைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்டது வாய்ப்புற்று. அவ்வணுக்களின் மேல் ஒருவகைப் புரதம் மிகுதியாயிருக்கும். அதனைப் பற்றும் எதிர்ப்பொருளை ஏந்திய தங்கத் துகள்கள், நோயுற்ற அணுக்களின் மேல் படிந்து நுண்ணோக்கியில் ஒளிவிட்டன. நல்ல அணுக்களின் மேல் அவ்வாறு படியவில்லை. இது 2005-ல் வெளியாயிற்று. அடுத்த வருஷம் தங்கக் கோல்களைக் கொண்டு லேசர் ஒளி பாய்ச்சியதில், நோயணுக்களைக் கொல்ல நல்ல அணுக்களுக்கு வேண்டியதில் ஏறக்குறையப் பாதிச் சக்தியே போதுமாயிருந்தது. அவர் மனைவியார் மார்பகப் புற்றுநோயால் காலமானதும் அந்த 2005-ம் வருஷத்திலேயே. ஆராய்ச்சியைப் பற்றிய வியாக்கியானமாக இதை நாம் சொல்லவில்லை; அறிந்தபின் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

நிற்க. கண்ணாடித் தட்டிலுள்ள அணு வேறு. மனித தேகம் வேறு. ஹூஸ்டன் நகரத்து ரைஸ் சர்வகலாசாலையில் நவோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ட் என்னும் பெண்மணிகள் இருவரும் தங்க ஓடு போர்த்த துகள்களால் எலிகளின் கட்டிகளைச் சுட்டழித்ததை 2003-ல் வெளியிட்டார்கள். மனிதரிடம் செய்த பரிசோதனையின் முடிவு 2019-ல்தான் வெளிவந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுள்ள 16 பேருக்கு முதல்நாள் இரத்தக்குழாய் வழியே துகள்களை ஏற்றி, மறுநாள் கட்டிக்குள் மெல்லிய ஒளிநாரைச் செலுத்தி லேசரால் சுட்டனர். 15 பேருக்குச் சிகிச்சை நிறைவேறிற்று. சிறுநீர்ப் போக்கிலும் ஆண்மையிலும் குறிப்பிடத்தக்க கேடு காணப்படவில்லை. எலியிலிருந்து மனிதனுக்கு வர பதினாறு ஆண்டுகள். வந்தவர்களும் பதினாறு பேர். அவர்களுடைய நோயோ பரவாமல் ஒரே இடத்தில் நின்ற நோய். இவ்வெற்றியை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, நல்ல சாட்சியம் என்பதற்கும் தீர்ப்பு என்பதற்கும் உள்ள பேதம் தெரியும்.

பிரதிபக்ஷத்துச் சாட்சியமும் வலுவானது. டொராண்டோ சர்வகலாசாலையில் வாரன் சான் என்பாரின் குழுவினர், பத்தாண்டுக் காலத்துப் பிராணி ஆராய்ச்சிகளைத் திரட்டி 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டனர். ஊசி மூலம் ஏற்றப்பட்ட நானோ துகள்களில் கட்டியைச் சென்று சேர்ந்தது நடுத்தரமாக 0.7 சதவிகிதமே. எஞ்சியதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தங்கம் துருப்பிடிக்காது, சிதையாது என்பது நகைக்குப் பெருமை. கல்லீரலில் தங்கிவிட்ட துகளுக்கு அதே குணம் கவலைக்கிடமானது. வருஷக்கணக்கில் கவனித்தாலன்றி அதன் விளைவை நிச்சயிக்க முடியாது.

இதற்குள், "நமது சித்தர்கள் தங்க பஸ்பமாக இதை அன்றே கண்டார்களே!" என்று தேசாபிமானம் மிகுந்த நண்பர் ஒருவர் எழுதப் பேனா எடுத்திருப்பார். பஸ்பத்தில் நுண்துகள்கள் உண்டென்பது மெய்தான். உருவமும் பருமனும் அளந்து, எதிர்ப்பொருளை ஏற்றி, குறித்த ஒளியால் குறித்த இடத்தில் சுடும் துகள் வேறு. புடமிட்டு உட்கொள்ளும் பொடி வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லி நோயாளிக்கு விற்பவர்களால் சித்த வைத்தியத்துக்கும் கௌரவம் உண்டாகாது.

எல்-சையத் எடுத்துக்கொண்ட வாய்ப்புற்று, புகையிலை மெல்லும் நம் தேசத்தில் மிகுதியாய்க் காணும் நோய். அவருடைய முதற்கட்டுரை வந்த அதே 2005-ல், திருவனந்தபுரம் ஜில்லாவில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவும் வெளியாயிற்று. 1996 முதல், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று ஜனங்களின் வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாலேயே சோதித்து, சந்தேகத்துக்கு இடமானவர்களை வைத்தியரிடம் அனுப்பி வந்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த மரணம், அவ்வாறு சோதிக்கப்படாத பகுதிகளைக் காட்டிலும் 34 சதவிகிதம் குறைந்திருந்தது. நகையை விற்கப் புறப்பட்ட அந்த வாசகரின் வீட்டுத் திண்ணைக்கு இவ்வூழியர்களில் ஒருவர் முன்னமே வந்திருந்தாரா என்பதே, நமது சர்க்காரை நாம் கேட்க விரும்பும் கேள்வி.