கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு

கல்முனைப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில் வயதான தாய் ஒருவர் மடித்து வைத்திருந்த ஒரு பத்திரத்தை எம்மிடம் நீட்டினார். "இதில என்ன எழுதி இரிக்கி எண்டு பாருங்க பாதர்" என்றார். சுனாமிக்குப் பின் கிடைத்த வீட்டின் பத்திரம் அது. உரிமையாளர் என்ற இடத்தில் மருமகனின் பெயர் இருந்தது.

கடல் கொண்டுபோன பழைய வீடு மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. புதிய வீட்டுக்குப் படிவம் நிரப்பிய அன்று, "குடும்பத் தலைவர்" என்ற கோட்டில் ஆணின் பெயரைப் பதிந்தார்கள். மகள் கீழே கைநாட்டு வைத்தார். எதற்காக வைத்தோம் என்பது, கணவன் பிரிந்து போன பிறகே அந்தப் பெண்ணுக்குத் தெரிய வந்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எங்கும் கரையோரம் அழிந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். அதனால் பலர் வேறு இடங்களுக்குப் போக நேர்ந்தது. அதற்கு முன், 1990 வன்செயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் வயலையும் வளவையும் விட்டு ஓடியிருந்தார்கள். ஒவ்வோர் இடப்பெயர்வுக்குப் பின்னும் ஒரு படிவம் வந்தது. படிவத்தை வாசிக்கத் தெரியாதவர் இரண்டாம் முறையும் இழந்தார்.

கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே எமது வழமை. சுனாமிக்குப் பின் வந்த பல வீட்டுத் திட்டங்கள் இதைக் கவனிக்கவில்லை. குடும்பத் தலைவர் என்பது ஒரு நிர்வாக வழக்கமே. அவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இதை எடுத்துச் சொல்ல அன்று வரிசையில் நின்ற பெண்களால் முடியவில்லை.

எமது முதல் வகுப்பு

இப்படிப்பட்ட பெண்களுக்காக நாம் தொடங்கிய முதல் வகுப்பு மூன்று வாரத்தில் நின்று போனது. குற்றம் எம்முடையது. சிறு பிள்ளைகளின் அரிச்சுவடியைக் கொண்டு போய் "அ, ஆ" என்று தொடங்கினோம். வேளாண்மை வெட்டுக் காலத்தில் மாலை நான்கு மணிக்கு வகுப்பு வைத்தோம். பாதிரியார் நடத்தும் வகுப்பு மதம் மாற்றும் வகுப்பாக இருக்குமோ என்ற ஐயத்தையும் நாம் பேசித் தீர்க்கவில்லை.

இரண்டாம் முறை பள்ளிவாசல் நிருவாகத்தாருடன் முதலில் பேசினோம். அந்த ஊர்ப் பெண் ஒருவரே ஆசிரியையானார். அஸர் தொழுகைக்குப் பின், வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடந்தது. அப்போது நாம் ஒன்று கற்றுக்கொண்டோம். எழுத்தறியாதவர் என்று நாம் பதிந்த மூதாட்டிகள் பலர் குர்ஆன் ஓதுவார்கள். சிலர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களையும் வாசிப்பார்கள். அவர்களுக்கு எழுத்து புதிதல்ல, தமிழ் எழுத்துத்தான் புதிது. குர்ஆனில் முதலில் இறங்கிய வசனம் ஓதும்படி கட்டளையிடுகிறது என்பதை அவர்களே எமக்கு நினைவூட்டினார்கள். எமது திருச்சபையிலும் 1967இல் பாப்பரசர் ஆறாம் பவுல், மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில், அடிப்படைக் கல்வியையே முன்னேற்றத் திட்டத்தின் முதல் நோக்கமாக வைத்தார்.

சொல்லிலிருந்து எழுத்துக்கு

பிரேசில் நாட்டில் பாவுலோ பிரெய்ரி என்ற கல்வியாளர் 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் வகுப்பை நடத்தினார். எழுத்தறியாதவருக்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை. 1964இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் அவரைச் சிறையிலிட்டது. பின்னர் அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. எழுத்து அறிந்த ஏழை கேள்வி கேட்பான் என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தார்கள். கொலம்பியாவில் சல்செடோ என்ற குருவானவர் 1947இலேயே சுத்தத்தென்சா என்ற மலைக்கிராமத்தில் வானொலி வழியாக விவசாயிகளுக்குக் கல்வி கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

பிரெய்ரியின் வழி எளிது. மக்களின் வாழ்வில் கனமான ஒரு சொல்லை எடுக்க வேண்டும். முதலில் அதைப் பற்றிப் பேச வேண்டும். பிறகே எழுத வேண்டும். நாம் எடுத்த முதற் சொல் "காணி". யாருடைய காணி, எப்போது விட்டு வந்தோம், பத்திரம் எங்கே என்று ஒரு மாலை முழுதும் பேசினார்கள். அதன் பின் கா, ணி என்று பிரித்து, ககர வரிசையையும் ணகர வரிசையையும் பழகினார்கள். கண், காண், கண்ணி என்ற சொற்களைத் தாமே கண்டுபிடித்தார்கள். அடுத்த சொல் "வீடு". வகரமும் டகரமும் வந்ததும் காடு, வட்டை, வாடகை, வட்டி எல்லாம் எழுத முடிந்தது. வட்டி என்று எழுதிய அன்றே, கிழமைக் கடனுக்கு மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்த்தார்கள்.

வாசிக்க வேண்டிய மூன்று

முதலாவது, எந்தப் படிவமும். கையெழுத்து வைக்குமுன் முழுவதையும் ஒருவர் உரத்து வாசிக்கட்டும். உரிமையாளர் என்ற கோட்டில் யாருடைய பெயர் என்று பாருங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி.

இரண்டாவது, காணி உத்தரவுப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி பெற்றவர், தமக்குப் பின் யாருக்கு அது சேர வேண்டும் என்று ஒருவரை நியமித்துப் பதியலாம். அப்படிப் பதியாமல் இறந்தால் பிள்ளைகள் உரித்தடையும் வரிசையில் நீண்ட காலமாக ஆண்களுக்கே முன்னிடம் இருந்தது. 2022இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. ஆயினும் உயிரோடு இருக்கும்போதே பெயரைப் பதிந்து வைப்பது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும். பிரதேச செயலகத்தில் இதைக் கேட்டுச் செய்யலாம்.

மூன்றாவது, தகவல் கோரும் விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் காணிக் கோவை எந்த நிலையில் உள்ளது என்று அரச அலுவலகத்திடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அங்குள்ள தகவல் அலுவலரின் கடமை. விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வர வேண்டாம்.

அந்தத் தாயின் மகள் இப்போது வகுப்புக்கு வருகிறார். வீட்டுப் பத்திரம் இன்னும் மாறவில்லை. எழுத்துப் படித்ததும் வீடு கிடைத்துவிடும் என்று நாம் சொன்னால் அது பொய். ஆனால் அவர் தம் கையால் எழுதிய தகவல் விண்ணப்பம் ஒன்று அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அதன் கீழே கைநாட்டு இல்லை. கோணலாக, ஐந்து எழுத்தில், அவருடைய பெயர் இருக்கிறது.

உங்கள் குடியேற்றத்திலும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். பத்துப் பெண்களும் ஒரு திண்ணையும் ஒரு கரும்பலகையும் இருந்தால் வகுப்பைத் தொடங்கலாம். வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். வெட்டு முடிந்து கை ஓய்ந்திருக்கும் காலமே தொடங்க ஏற்ற காலம். முதற் சொல்லை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் எதை இழந்தீர்களோ, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குங்கள்.