47 சதவீதம் வாங்கியவருக்கு எம்.பி.ஏ. சீட்டு கிடைக்குமா?
அம்மா சங்கிலியை அடகு வைக்கப் போன பட்டதாரி வாலிபர்!

சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. காகிதக் கடையும் கல்யாணப் பத்திரிகைக் கடையும் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு. அங்கே ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார் ஒரு வாலிபர். வயது 24. பி.காம். பட்டதாரி.

பட்டப்படிப்பில் அவர் வாங்கிய மார்க் 47 சதவீதம்!

எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் மார்க் ஷீட்டை வெளியே எடுக்கவே வெட்கம். பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

சென்ற மாதம் அவரைத் தேடி ஒரு புரோக்கர் வந்தார். "இந்த மார்க்குக்கு நேர் வழியில ஒண்ணும் நடக்காது தம்பி. மூணு லட்சம் குடு. சீட்டு என் பொறுப்பு" என்றார். முன்பணம் 50 ஆயிரம் உடனே வேண்டுமாம்.

வீட்டில் பேச்சு நடந்தது. அம்மா யோசிக்கவே இல்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து விட்டார். மறுநாள் காலை அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு.

வாத்தியார் போட்ட சத்தம்

சங்கிலி சட்டைப் பைக்குள் இருந்தது. கடைக்கு வந்து லீவு சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து பேப்பர் வாங்க ஒருவர் வந்தார். காலேஜில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைக்குப் பழைய வாடிக்கை.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்து விட்டது.

"நன்கொடை வாங்கி சீட்டு விக்கிறது குற்றம்னு தமிழ்நாட்டுல 1992-லயே சட்டம் வந்தாச்சு. அவன் ரசீது தருவானா? கேட்டியா? ரசீது இல்லாத பணம் போனா போனதுதான். முதல்ல மார்க் ஷீட்டை எடு. 47-க்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காதுன்னு பார்ப்போம்" என்றார்.

கடைப் பலகையிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். குறைந்த மார்க்கை வைத்துக்கொண்டு தவிக்கும் எல்லாருக்கும் பயன்படும் கணக்கு அது. விவரம் வருமாறு:-

50-க்கு ஒரு கோடு, 45-க்கு ஒரு கோடு

எம்.பி.ஏ. சேர, பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். இதுதான் பொதுவான விதி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

தமிழக அரசுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வு வழியாகச் சேருவதென்றால், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 45 சதவீதச் சலுகை உண்டு. ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான 'கேட்' தேர்வில் கதை வேறு. அங்கே 45 சதவீதச் சலுகை தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு மட்டும். பிற்படுத்தப்பட்டவருக்குச் சீட்டில் ஒதுக்கீடு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கவே 50 வேண்டும்.

நம் வாலிபர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஆக, அதே 47-க்கு கேட் கதவு மூடியிருக்கிறது. டான்செட் கதவு திறந்திருக்கிறது!

"அப்போ எனக்கு வழி இருக்கா சார்?" என்று கேட்டாராம். குரல் கம்மி விட்டது.

டான்செட்டில் பழைய மார்க் பேசாது

டான்செட்டில் 100 கேள்வி. இரண்டு மணி நேரம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு மார்க் கழியும். ஆகவே தெரியாததைக் குருட்டாம்போக்கில் தொடக் கூடாது.

சதவீதம், லாப நஷ்டம், விகிதம், வேலையும் நேரமும், பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, ஆங்கில இலக்கணம் எல்லாம் வரும். ஒரு வியாபார நிலைமையைக் கொடுத்து, எது முக்கியம், எது முக்கியமில்லை என்றும் கேட்பார்கள்.

கலந்தாய்வில் தரவரிசை இந்தத் தேர்வில் எடுக்கும் மார்க்கை வைத்துத்தான். பட்டப்படிப்பில் 47 வாங்கியவரும் 87 வாங்கியவரும் அங்கே ஒரே வரிசை. கோட்டைத் தாண்டி விட்டால் பழைய மார்க் குறுக்கே வராது.

"லாப நஷ்டக் கணக்கு நீ தினமும் கடையில போடுறதுதானேப்பா. கடிகாரத்தைப் பார்த்துப் போடப் பழகு. அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

50-ஐத் தாண்டியவர்களுக்கு

51, 52 வாங்கியவர்கள் கேட் எழுதலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. வழக்கமாக நவம்பர் கடைசியில் தேர்வு. ஆங்கிலம், தகவல் அலசல், கணக்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம்.

ஆனால் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் மட்டும் போதாது. நேர்முகத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க், பட்டப்படிப்பு மார்க், வேலை அனுபவம் இவற்றையும் பல ஐ.ஐ.எம்.கள் கூட்டிப் பார்க்கின்றன. எதற்கு எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். தங்கள் இணையதளத்திலேயே போடுகிறார்கள். பள்ளிக்கூட மார்க் நன்றாக இருந்து காலேஜில் மட்டும் சறுக்கியவர்கள், பட்டப்படிப்பு மார்க்குக்குக் குறைவாக எடை போடும் இடத்தைத் தேடி விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. கல்லூரிக்கான 'எக்ஸாட்' தேர்வு வழக்கமாக ஜனவரியில் வரும். பட்டம் வேண்டும் என்பதுதான் அதற்குத் தகுதி. சதவீதக் கோடு கிடையாது. போட்டி மட்டும் கடுமை.

45-க்கும் கீழே போனவர்கள்? சி.ஏ., சி.எம்.ஏ., கம்பெனி செக்ரட்டரி போன்ற தொழில் படிப்பை முடித்தால் அதைத் தகுதியாகக் காட்டி கேட் எழுதலாம். அதிலும் குறிப்பிட்ட சதவீதம் வேண்டும். இல்லாவிட்டால் அஞ்சல் வழியில் இன்னொரு பட்டம் வாங்கி நல்ல மார்க் எடுக்கலாம். நாளாகும். ஆனால் கௌரவமான வழி.

மார்க்கை மறைக்காதீர்கள்!

விண்ணப்பத்தில் பொய் எழுதவே கூடாது. 49.6 வாங்கியவர் தானாக 50 என்று போடக் கூடாது. தமிழ், ஆங்கிலத்தை விட்டுவிட்டு முதன்மைப் பாட மார்க்கை மட்டும் கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு. பல்கலைக்கழகம் எந்த முறையில் சதவீதம் கணக்கிடுகிறதோ அந்த முறையில்தான் போட வேண்டும். சான்றிதழ் சரிபார்க்கும்போது குட்டு வெளிப்பட்டால், கிடைத்த சீட்டும் போய்விடும்.

நேர்முகத் தேர்வு என்று வந்தால் "ஏன் மார்க் குறைவு?" என்ற கேள்வி நிச்சயம்.

வாத்தியார் அதையும் கேட்டுப் பார்த்தார்.

"காலேஜ்ல சரியா சொல்லித் தரலை சார்" என்றார் வாலிபர்.

"இதைச் சொன்னா அங்கேயே உன் கதை முடிஞ்சது. நடந்ததைச் சொல்லு" என்றார் அவர்.

வாலிபர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டாவது வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். இவர் சாயங்காலம் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தார். ராத்திரி 10 மணிக்கு வீடு. அஞ்சு பேப்பர் அரியர். ஒவ்வொன்றாக எழுதி, எல்லாவற்றையும் பாஸ் செய்தார்.

"இதைத்தான் சொல்லணும். ரெண்டே வாக்கியத்துல சொல்லு. அழாதே. சாக்கு சொல்ற மாதிரியும் இருக்கக் கூடாது. அடுத்த வாக்கியம், அதுக்கப்புறம் நீ என்ன செஞ்சேங்கிறது" என்றார் வாத்தியார்.

மூன்று வருஷ அனுபவம்

என்ன செய்தார் இவர்? பட்டம் வாங்கியபின் மூன்று வருஷமாகக் கடையின் வரவு செலவு முழுக்க இவர் கையில். எந்த அச்சகம் 45 நாளில் பணம் தரும், எது இழுத்தடிக்கும் என்பது அத்துப்படி. ஆவணி, தை முகூர்த்தத்துக்கு முன்னால் எந்த அட்டையை எவ்வளவு வாங்கி அடுக்க வேண்டும் என்று முதலாளியே இவரைத்தான் கேட்கிறார்.

"நடைமுறை மூலதனம்னு நாங்க புஸ்தகத்துல நடத்துறதை நீ கடையில நடத்துறே. இதை விட என்னப்பா வேணும்?" என்று கேட்டாராம் வாத்தியார்.

வேலை அனுபவத்துக்கு ஆதாரம் வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்ட சான்று, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும். படிக்கும்போது பார்த்த அரை நாள் வேலை இதில் சேராது. பட்டம் வாங்கியபின் பார்த்த முழுநேர வேலைதான் கணக்கு. நேர்முகத் தேர்வில் பி.காம். பாடத்திலும் கேட்பார்கள் என்பதால், இரண்டு பாடத்தையாவது அடி முதல் நுனி வரை திரும்பப் படித்து வைப்பது நல்லது.

வேலையை விட முடியாதவர்களுக்கு 'இக்னோ' பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழி எம்.பி.ஏ. உண்டு. அங்கும் அதே 50, 45 கோடுதான்.

இப்போது...

கடை மூடியதும் ஒரு மணி நேரம் கணக்குப் போடுகிறார் நம் வாலிபர். முதலாளி கடை விளக்கை அணைக்காமல் விட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டில் ஆங்கிலம். டான்செட்டில் என்ன மார்க் வரும் என்று யாரும் இப்போதே சொல்ல முடியாது. குறைந்தால் அடுத்த ஆண்டும் எழுதுவேன் என்கிறார்.

புரோக்கர் இரண்டு முறை போன் செய்தாராம். "ரசீது தருவீங்களா?" என்று கேட்டதும் லைன் கட் ஆகி விட்டது. பிறகு அழைப்பே இல்லை.

மார்க் ஷீட் இப்போது பெட்டிக்கு மேலே இருக்கிறது. சங்கிலி அம்மா கழுத்தில் இருக்கிறது!