கசப்பு எங்கே பிறக்கிறது?

காபி ஏன் கசக்கிறது? ஆபீஸ் கேன்டீனில் யாரைக் கேட்டாலும் "கஃபீன் சார்!" என்பார்கள். கஃபீனை நீக்கிய காபியும் கசக்கத்தான் செய்கிறது. மொத்தக் கசப்பில் கஃபீனுக்குச் சின்னப் பங்குதான்.

மீதி எங்கிருந்து வருகிறது? விடை தேடி பழனி மலைக்குப் போனேன். கொடைக்கானல் டவுனில் காபித் தோட்டம் தேடாதீர்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் காபிச் செடிக்கு ஆகாது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் போகணும். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழை. தாண்டிக்குடியில் காபி போர்டின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

தோட்டக்காரர் ஒருவர் வறுக்காத கொட்டையை நீட்டி, "கடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். பல்தான் வலித்தது. காபி மணமும் இல்லை, காபிக் கசப்பும் இல்லை! "அதெல்லாம் வறுக்கிறவன் கையிலே இருக்கு" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். கொட்டையில் புரோட்டீன் உண்டு. புரோட்டீன் என்றால் அமினோ அமிலங்கள் பெட்டி பெட்டியாகக் கோத்த ரயில். வறுக்கும்போது சூடு 200 டிகிரியைத் தொட, ரயில் துண்டாகிறது. இரண்டே பெட்டிகள் மிஞ்சினால், தலையும் வாலும் வளைந்து மாட்டிக்கொண்டு ஒரு வளையமாகிவிடும். அதுதான் சைக்ளிக் டைபெப்டைட். புரோலின் என்ற அமினோ அமிலம் பிறவியிலேயே வளைந்தது. அதற்கு இது கைவந்த கலை. வறுத்த காபியில் இந்தக் கசப்பு வளையங்கள் இருப்பதை 2000-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கின்ஸ், எங்கல்ஹார்ட் எழுதினார்கள். கசப்பு முழுவதும் இதனால் அல்ல; குளோரோஜெனிக் அமிலம் உடைந்து வரும் பொருள்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு வேடிக்கை. கஃபீனை 1895-ல் சோதனைச் சாலையில் தயாரித்த எமில் ஃபிஷர்தான், 1901-ல் இந்த மாதிரி வளையம் ஒன்றைத் திறந்து இரட்டைப் பெட்டி டைபெப்டைடைச் செய்தவர். மறு வருஷமே நோபல் பரிசு! இன்று வளையம் செய்வது சுலபம். இரண்டு அமினோ அமிலங்களைக் கோத்து, ஒரு முனையில் எஸ்டர் மூடி போட்டுச் சூடாக்கினால், மூடி கழன்று வளையம் தானே பூட்டிக்கொள்ளும்.

உபயோகம்? 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆண்மைக்குறைவு மாத்திரை டடாலஃபிலுக்குள்ளே இந்த வளையம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தத்துக்கும் அதே மருந்துதான். உபத்திரவமும் உண்டு. சர்க்கரைக்குப் பதில் போடும் அஸ்பார்டேமைக் கொதிக்க விட்டால், அதுவும் வளையமாகிவிடும், இனிப்பு போச்சு. பாயசத்துக்கு அது உதவாத காரணம் இதுதான்.

நான் பி.காம். எனக்குக் கணக்குதான் உறுத்துகிறது. கொட்டை மலையிறங்கி, பட்டிவீரன்பட்டி போன்ற ஊர்களின் க்யூரிங் ஆலைகளில் தோல் நீங்கி, வேறு யாருடைய வறுவல் டிரம்முக்கோ போகிறது. முன்பு காபி போர்டே மொத்தமாக வாங்கி விற்றது. 1996-க்குள் அந்த ஏற்பாடு முடிந்தது. அதன் பிறகு விலை ஏறினாலும் சரிந்தாலும் விவசாயி பாடு. வருஷம் முழுக்கச் செடியைக் காத்தவருக்குப் பச்சைக் கொட்டை விலை. மணமும் கசப்பும் பிறக்கிற அந்தச் சில நிமிஷங்களின் லாபம் வறுப்பவருக்கு.

மலையிலேயே வறுத்து, அரைத்து, பொட்டலம் போடுகிறவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். கசப்பை விற்றால்தான் காசு. பச்சைக் கொட்டையை விற்றால் கசப்பு மட்டும்தான் மிச்சம்!