அட்வான்ஸ் கொடுக்கும் முன்... வில்லங்கம் பார்க்க எவ்வளவு செலவாகும்?

வீடு பிடிச்சுப்போச்சு. நல்ல வெளிச்சம், பக்கத்துலயே பஸ் ஸ்டாப், விலையும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கு. "இன்னும் ரெண்டு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க"னு புரோக்கர் அவசரப்படுத்துறார். பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டலாம்னு நீங்க சொன்னா, "அதுக்கு வேற தனியா செலவு பண்ணணுமா?"னு வீட்டிலேயே ஒரு குரல் எழும்.

பண்ணணும். ஆனால், நீங்க பயப்படுற அளவுக்குப் பெரிய செலவு இல்லை.

காசு இல்லாமல் பார்க்கக் கூடியவை

முதல் கட்ட வேலை உங்க போன்லயே முடிஞ்சுடும். தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் ஈ.சி எனப்படும் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். கையொப்பமிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க.

இங்கே பலர் கோட்டை விடும் இடம், சர்வே எண். இன்னிக்கு 112/3ஏ என்று இருக்கும் மனை, உட்பிரிவு ஆவதற்கு முன் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாமல் போகலாம். ரெண்டு எண்ணிலும் தேடணும்.

அடுத்து, வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கு, நிலம் புறம்போக்கா என்று பாருங்க. புது அடுக்குமாடி என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் புதிய திட்டங்களுக்குப் பொதுவாக இந்தப் பதிவு கட்டாயம்.

ஈ.சி சொல்லாத கதைகள்

"ஈ.சி க்ளியரா இருக்கு" என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பதிவானதை மட்டும்தான் அது காட்டும். பதியாத ஒப்பந்தம் அதில் இருக்காது. உயில், பதிவு செய்யப்பட்டிருந்தாலும், அதில் வராது. கோர்ட்டில் ஓடும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது.

முக்கியமா, வாரிசு விஷயம். உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் வீட்டை அண்ணன், தம்பி ரெண்டு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறாங்கன்னு வைங்க. கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. நாளைக்கு அவர் வழக்குப் போட்டால், நீங்களும் கோர்ட் வாசலில் நிக்கணும். ஈ.சி-யில் அந்த அக்காவின் பெயரே இருக்காது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும்.

காசு கொடுக்க வேண்டியது எங்கே?

இதுக்குத்தான் வக்கீல். தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருதானு பார்த்து, எழுத்துப்பூர்வமா கருத்து கொடுப்பார். ஆவணங்களின் எண்ணிக்கை, ஊர், சிக்கலைப் பொறுத்து கட்டணம் மாறும். சாதாரண வீட்டுக்குச் சில ஆயிரங்களில் முடியும். பழைய பத்திர நகல்கள், நில அளவை என்று இன்னும் சில ஆயிரம் சேரலாம். மொத்தத் தொகையை முதலிலேயே கேட்டுக்கோங்க.

இப்போ ஒப்பிட்டுப் பாருங்க. 40 லட்ச ரூபாய் மதிப்பில் கிரயம் பதிஞ்சா, முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக, 3,60,000 ரூபாய். அதைக் கட்டத் தயாரா இருக்கிற நாம, அந்த வீடு உண்மையிலேயே விற்பவருடையதுதானானு பார்க்கும் செலவில்தான் கையை இறுக்கிப் பிடிக்கிறோம்!

"பேங்க்ல லோன் கொடுக்கும்போது அவங்க லீகல் பார்ப்பாங்களே?" பார்ப்பாங்க. ஆனால், அந்த வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை. அதோட, அது பெரும்பாலும் நீங்க அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் நடக்கும். அப்போ குறை தெரிஞ்சால் லோன் நிக்கும், அட்வான்ஸும் மாட்டிக்கும்.

அதனால வரிசையை மாத்துங்க. முதல்ல இணையத்தில் தேடல், அப்புறம் வக்கீல், அதுக்கப்புறம்தான் அட்வான்ஸ். ஒப்பந்தத்தில், 'உரிமையில் குறை இருந்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.

அந்த வரிக்கு விற்பவர் மறுத்தால்? வக்கீலுக்குக் கொடுத்த சில ஆயிரம் போனாலும் பரவாயில்லைனு வேற வீடு பாருங்க. உங்க சேமிப்பு கைல பத்திரமா இருக்கும்.