கூலிக்கும் வாடகைக்கும் இடையில்: ஜோன் ஹோல்டனின் 'நிக்கல் அண்டு டைம்டு' நாடகம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் 2001இல் வெளியிட்ட 'நிக்கல் அண்டு டைம்டு' என்னும் நூலை ஜோன் ஹோல்டன் நாடகமாக்கினார். குறைந்த கூலிக்கு உழைப்போர் அக்கூலியைக் கொண்டு வாழ இயலுமா என்பது நூலின் வினா. அவ்வினாவுக்கான விடை முழுவதும் ஒரு 'நான்' வழியாகச் சொல்லப்படுகிறது. அந்த 'நான்' வறியவர் அல்லர். நூல் மேடைக்கு வரும்போது இந்தச் சிக்கலை நாடகம் எவ்வாறு எதிர்கொள்கிறது, அதனால் உழைப்போர் பெறும் இடம் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜோன் ஹோல்டன், பார்பரா எரன்ரைக், குறைகூலி உழைப்பு, தழுவல் நாடகம், அரசியல் நாடகம்

முன்னுரை

1996 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் கையொப்பமிட்ட சமூகநல உதவிச் சீர்திருத்தச் சட்டம், ஏழைக் குடும்பங்களுக்கான அரசின் பண உதவியை வேலையோடு பிணைத்தது. கூட்டாட்சி நிதியிலிருந்து ஒருவர் தம் வாழ்நாளில் உதவி பெறும் காலத்துக்குப் பொதுவாக ஐந்தாண்டு வரம்பு வகுக்கப்பட்டது. வேலை கிடைத்துவிட்டால் வறுமை நீங்கும் என்பது இச்சட்டத்துக்கு அடிப்படையான நம்பிக்கை. அப்போது உதவியை இழந்து வேலைக்கு வந்த பெண்களுக்குக் காத்திருந்தவை பெரும்பாலும் உணவகம், துப்புரவு, சில்லறை வணிகம் ஆகிய துறைகளின் அடிமட்ட வேலைகளே. 1997 முதல் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 5.15 டாலர். வாரம் 40 மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடாமல் உழைத்தாலும் ஈட்டக்கூடியது 10,712 டாலர்தான்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம், 'ஹார்ப்பர்ஸ்' இதழின் ஆசிரியர் லூயிஸ் லாப்பமுடன் எரன்ரைக் 30 டாலர் மதிய உணவு உண்டபோது பிறந்தது. இதனை அவரே நூலின் தொடக்கத்தில் பதிவு செய்கிறார். அன்றைய குறைந்தபட்சக் கூலிக்கு உழைக்கும் ஒருவர் அந்த உணவுக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் உழைக்க வேண்டும். நூலுக்கும் நாடகத்துக்கும் உரிய முரண் இங்கேயே அமைந்துவிடுகிறது.

நூலும் அதன் கணக்கும்

அமெரிக்க நாணயங்களில் 'நிக்கல்' ஐந்து சென்ட். 'டைம்' பத்து சென்ட். சிறுசிறு தொகையாகப் பறிகொடுத்து ஒருவர் மெல்ல மெல்லக் கரைந்துபோவதைச் சுட்டும் வழக்காறு நூலின் தலைப்பாயிற்று. உயிரணு நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்ற எரன்ரைக், தம் கல்வியையும் எழுத்துத் தொழிலையும் மறைத்துக்கொண்டு 1998 முதல் 2000 வரையிலான காலத்தில் மூன்று இடங்களில் வேலை செய்தார். ஒரு மாத உழைப்பைக் கொண்டு அடுத்த மாத வாடகையைச் செலுத்த இயலுமா என்பதே அவர் வகுத்துக்கொண்ட அளவுகோல்.

புளோரிடாவின் கீ வெஸ்டில் அவர் உணவகப் பரிமாறுநர். அடிப்படைக் கூலி மணிக்கு 2.43 டாலர், எஞ்சியது வாடிக்கையாளர் தரும் டிப்ஸ். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் வீடுகளைத் துப்புரவு செய்யும் நிறுவனமொன்றில் மணிக்கு 6.65 டாலர்; அந்நிறுவனம் வாடிக்கையாளரிடம் ஓராளின் ஒரு மணி நேர உழைப்புக்கு 25 டாலர் பெற்றது. மினசோட்டாவின் மினியாபொலிஸில் பேரங்காடி ஒன்றில் மணிக்கு 7 டாலர். வாரம் 40 மணி நேரத்துக்கு 280 டாலர். அங்கு அவர் தங்கிய விடுதியின் வாடகை வாரத்துக்கு 245 டாலர். வரி பிடிப்பதற்கு முன்பே எஞ்சுவது 35 டாலர். வரவும் செலவும் ஓரளவேனும் பொருந்திய இடம் போர்ட்லண்ட் ஒன்றே. அதற்கும் அவர் வார இறுதியில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து, ஏழு நாளும் உழைக்க வேண்டியிருந்தது.

இக்கணக்கினூடே புலப்படும் உண்மை ஒன்று உண்டு. வறியவருக்கு வாழ்க்கை மலிவாகக் கிடைப்பதில்லை. வீடு வாடகைக்கு எடுக்க முதல் மாத வாடகையும் முன்பணமும் ஒருசேர வேண்டும். அத்தொகையைச் சேர்க்க இயலாதவர் வார வாடகை விடுதியில் தங்கி, வீட்டு வாடகையைவிடக் கூடுதலாகச் செலுத்துகிறார். விடுதியறையில் சமையல் வசதி இல்லாததால் உணவையும் கடையில் வாங்குகிறார். கையில் பணமில்லாமையே செலவைப் பெருக்குகிறது.

நாடகாசிரியரும் அவர் வந்த மரபும்

ஜோன் ஹோல்டன் 1967 முதல் 2000 வரை சான் பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் குழுவின் முதன்மை நாடகாசிரியராகத் திகழ்ந்தவர். 1959இல் ஆர். ஜி. டேவிஸ் தொடங்கிய இக்குழு, பெயரில் 'மைம்' இருப்பினும் ஊமை நாடகக் குழு அன்று. இத்தாலியக் கமேடியா டெல் ஆர்ட்டே மரபின் மிகைநடிப்பையும் இசையையும் அங்கதத்தையும் கொண்டு, பூங்காக்களில் கட்டணமின்றி அரசியல் நாடகங்களை நிகழ்த்துவது அதன் வழக்கம். ஒரே நடிகர் பல பாத்திரங்களை ஏற்பதும், பார்வையாளரை நேராக விளித்துப் பேசுவதும் இம்மரபில் இயல்பானவை.

'நிக்கல் அண்டு டைம்டு' 2002இல் சியாட்டிலின் இன்டிமன் அரங்கில் பார்ட்லெட் ஷெர் இயக்கத்தில் முதன்முதலாக அரங்கேறியது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸின் மார்க் டேப்பர் ஃபோரத்திலும் நிகழ்த்தப்பட்டது. பூங்காவில் பிறந்த நாடக முறை, கட்டணம் செலுத்தி வரும் நடுத்தர, உயர்தர வகுப்பினரின் அரங்கினுள் நுழைந்தது. அந்த அவையில் அமர்ந்திருப்போர் உணவகத்தில் டிப்ஸ் கொடுப்பவர்கள். வீட்டைத் துடைக்க ஆள் வைத்திருப்பவர்கள். இந்நாடகத்தின் உத்திகளை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

'நான்' மேடையேறுதல்

நூலின் மீது எழும் தடை வெளிப்படையானது. எரன்ரைக் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். வங்கிக் கணக்கும் வீடும் அவருக்கு உண்டு. உடன் உழைத்தவர்களுக்கு அவ்வழி இல்லை. இதனை அவரே ஒப்புக்கொள்கிறார். எனினும், நூலில் பிறர் அனைவரும் அவரது பார்வை வழியாகவே தெரிகின்றனர். அவர் வருணிக்காத வேளையில் அவர்கள் இல்லாதவர்களாகிவிடுகின்றனர்.

மேடை இந்நிலையை மாற்றுகிறது. பார்பரா என்னும் பாத்திரத்தை ஒரு நடிகை தொடர்ந்து ஏற்க, எஞ்சிய சிறு குழுவினர் உடனுழைப்பாளர், மேலாளர், வாடிக்கையாளர் என ஏனைய பாத்திரங்கள் அனைத்தையும் மாறிமாறி ஏற்கின்றனர். இதனால் இரு விளைவுகள் நேர்கின்றன. முதலாவது, பார்பரா பேசாத போதும் பிறர் மேடையில் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். தட்டு ஏந்துதல், தரை துடைத்தல், துணி அடுக்குதல் ஆகியவற்றைப் பார்வையாளர் கண்முன் காண்கின்றனர். இரண்டாவது, ஓரிடத்தில் பரிமாறுநராக வந்தவரே மற்றோரிடத்தில் துப்புரவாளராக வரும்போது, ஆளை மாற்றிக்கொள்ளலாம், வேலை மாறாது என்னும் குறைகூலிச் சந்தையின் விதி சொல்லாமலே விளங்குகிறது. சிறிய நடிகர் குழுவின் சிக்கனம் இங்குப் பொருள் தரும் உத்தியாகிறது.

துப்புரவாளர் ஹோலி தொடர்பான நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. கருவுற்றிருக்கும் ஹோலி கணுக்காலில் காயமுற்றும் வேலையை நிறுத்த மறுக்கிறார். பார்பரா சினந்து மேலாளரிடம் வாதிடுகிறார். நூலில் இது எழுத்தாளரின் அறச்சீற்றமாகவும், பின்னர் அதன் பயனின்மை பற்றிய எண்ணமாகவும் அமைகிறது. மேடையில் ஹோலி எதிரில் நிற்கிறார். பார்பராவுக்கு வேலை போனால் சோதனை முடியும். ஹோலிக்கு வேலை போனால் வாடகை நிற்கும். பரிந்து பேசியவரிடமிருந்து ஹோலி விலகிச் செல்வது நன்றியின்மை அன்று என்பதைப் பார்வையாளர் அந்த உடலின் அச்சத்திலிருந்தே உணர முடிகிறது.

அவையை நோக்கிய வினா

நாடகத்தின் போக்கில் கதை நிறுத்தப்பட்டு, வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்துவது பற்றிய வினா பார்வையாளரை நோக்கித் திருப்பப்படுகிறது. யார் ஆள் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பன மேடைப் பாத்திரங்களின் செய்தியாக இருந்த நிலை மாறி, அவையின் சொந்தக் கணக்காகின்றன. கதையில் ஒன்றிப்போவதைத் தடுத்துச் சிந்திக்கத் தூண்டும் பிரெக்டின் அந்நியப்படுத்தல் முறை இங்குப் பயன்படுகிறது. இரக்கப்பட்டுக் கண்ணீர் துடைத்துக்கொண்டு வீடு திரும்பும் வாய்ப்பைப் பார்வையாளருக்கு இந்நாடகம் எளிதில் வழங்குவதில்லை.

இவ்வினாவினால் பார்பராவின் நிலையும் தெளிவாகிறது. வெளியிலிருந்து வந்து திரும்பிச் செல்லக்கூடிய அவர், அவையில் அமர்ந்திருப்போரின் பேராள். அவரது தடுமாற்றமும் தற்பெருமையும் நகைப்புக்கு உள்ளாகும்போது அவையினர் தம்மையே கண்டு நகைக்கின்றனர். நூலுக்குக் குறையாகச் சொல்லப்பட்டதை நாடகம் தன் கருவியாக்கிக்கொள்கிறது.

ஆயினும் ஓர் எல்லை எஞ்சுகிறது. பார்பரா இல்லாமல் ஹோலி போன்றோரை மையமாகக் கொண்டு இதே அரங்கில் ஒரு நாடகம் நிகழ்ந்திருக்குமா என்னும் கேள்விக்கு இந்நாடகம் விடை தருவதில்லை. தாம் எழுத்தாளர் என்பதை எரன்ரைக் இறுதியில் வெளிப்படுத்தியபோது உடனுழைத்தவர்கள் பெரிதும் வியக்கவில்லை. அடுத்த வாரப் பணிமுறைக்கு ஆள் குறையுமே என்பதே ஒருவரின் கவலையாக இருந்தது. உழைப்போரின் பார்வையில் இச்சோதனையின் மதிப்பு என்ன என்பதற்கு இந்நிகழ்வை விடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

முடிவுரை

கூலியையும் வாடகையையும் அருகருகே வைத்துக் காட்டிய ஒரு நூலை, உழைக்கும் உடல்களும் அவற்றைப் பார்த்திருக்கும் அவையும் எதிரெதிரே நிற்கும் நிகழ்வாக ஹோல்டன் மாற்றினார். 'இவர்கள் எவ்வாறு பிழைக்கிறார்கள்' என்று தொடங்கும் வினா, 'இவர்களது குறைந்த கூலியால் வசதி பெறுவோர் யார்' என்று முடிகிறது. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையில் 7.25 டாலராக உயர்ந்தபின் மாறவில்லை. டிப்ஸ் பெறும் பணியாளருக்குரிய கூட்டாட்சி அடிப்படைக் கூலி 1991 முதல் 2.13 டாலராகவே உள்ளது. பல மாநிலங்கள் இவற்றினும் உயர்ந்த கூலியை வகுத்துள்ளன. அவ்வாறு வகுக்காத மாநிலங்களில் இந்நாடகத்தின் கணக்கு பழங்கதையாகிவிடவில்லை.