தோல் என்னும் சுவரைக் காப்போம்

நாற்று நடும் கைகள். சிமெண்ட் குழைக்கும் கைகள். பாத்திரம் தேய்க்கும் கைகள். உழைக்கும் உடம்பில் முதலில் அடிபடுவது தோல்தான்.

குஜராத் மாநிலத்தில் கட்ச் வளைகுடாவை ஒட்டி உப்பு நிலம் பரந்து கிடக்கிறது. அங்கே அகரியா என்னும் மக்கள் உப்பு விளைவிக்கிறார்கள். ஆண்டில் பல மாதங்கள் உப்பு நீரில் நின்று வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கால் தோல் தடித்து, வெடித்துப் போகிறது.

நம்மில் பலருக்கும் இந்தத் துன்பம் உண்டு. சேற்றில் நிற்பவர்களுக்குக் குதிகால் வெடிக்கிறது. சோப்புத் தூளில் துணி துவைப்பவர்களுக்கு உள்ளங்கை உரிகிறது. சிமெண்ட் பட்டால் விரல் இடுக்கில் அரிக்கிறது.

அப்போது என்ன செய்கிறோம்? கையில் கிடைத்ததைத் தடவுகிறோம். எரிச்சல் நின்றதும், ஆறிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். நான்கு நாளில் மறுபடி வெடிக்கிறது.

ஏன் அப்படி? எரிச்சல் தணிவது வேறு. தோல் ஆறுவது வேறு. இரண்டும் நடந்தால்தான் குணம் தெரியும்.

தோல் ஒரு சுவர்

நம் மேல் தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக் கொள்ளுங்கள். தோலின் சின்னஞ்சிறு அணுக்கள்தாம் செங்கற்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. அதுதான் கலவை. அந்தக் கொழுப்பில் முக்கியமான ஒன்றின் பெயர் செராமைடு.

இந்தச் சுவருக்கு இரண்டு வேலை. உடம்பில் உள்ள நீரை வெளியே போக விடாது. வெளியே உள்ள கிருமியை உள்ளே வர விடாது.

காரமான சோப்பு கொழுப்பைக் கழுவிவிடுகிறது. சிமெண்ட் தோலை அரிக்கிறது. கலவை போன சுவரில் விரிசல் விழும் அல்லவா? தோலிலும் அப்படித்தான். நீர் வெளியேறித் தோல் காய்கிறது. வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கிருமி நுழைகிறது.

இந்தச் சுவரைக் கட்டும் கொத்தனார் யார்? நம் உடம்புதான். மேல் தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. எந்த மருந்தும் தோலைக் கட்டித் தருவதில்லை. உடம்பு கட்டும்போது மருந்து துணை நிற்கிறது. அவ்வளவுதான்.

கற்றாழை என்ன செய்யும்?

சோற்றுக் கற்றாழையை நாம் அறிவோம். குமரி என்றும் சொல்வோம். இந்தியில் அதன் பெயர் கிருத்குமாரி. ராஜஸ்தான் மக்கள் குவார்பாட்டா என்கிறார்கள். அங்கே அதைக் கறி சமைத்தும் சாப்பிடுகிறார்கள்.

கற்றாழை மடலில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே பச்சைத் தோல். அதன் அடியில் மஞ்சள் பால். நடுவில் கண்ணாடி போன்ற சோறு. தோலுக்கு ஏற்றது இந்தச் சோறு மட்டுமே. மஞ்சள் பால் தோலை அரிக்கும். வயிற்றுக்குள் போனால் பேதியாகும்.

மடலை அறுத்ததும் நிமிர்த்தி வையுங்கள். கால் மணி நேரத்தில் மஞ்சள் பால் வடிந்துவிடும். பிறகு கழுவித் தோலைச் சீவிச் சோற்றை எடுங்கள்.

கற்றாழைச் சோற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். நூற்றில் ஏறக்குறைய 99 பங்கு தண்ணீர். அதனால் தடவியதும் குளிர்ச்சியாக இருக்கிறது. எரிச்சல் தணிகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். தோலும் மறுபடி காயும். கற்றாழை மட்டும் தடவினால் வேலை பாதியில் நின்றுவிடும்.

சேர்த்துப் பூசுவது எதற்கு?

புதிய கான்கிரீட் தூணுக்குத் தண்ணீர் விடுகிறோம். ஈரம் போகாமல் இருக்கச் சாக்கைச் சுற்றி வைக்கிறோம். தண்ணீர் மட்டும் விட்டால் வெயிலில் காய்ந்துவிடும். சாக்கு மட்டும் சுற்றினால் ஈரம் இருக்காது. இரண்டும் வேண்டும்.

தோலுக்கும் இதே முறைதான். முதலில் கற்றாழை. அது தணிக்கும். அடுத்து கிளிசரின். அது நீரைப் பிடித்து வைக்கும். மேலே வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய். அது நீர் போகாமல் மூடும். அந்த ஈரத்தில் உடம்பு தன் வேலையைச் செய்யும்.

கடைகளில் விற்கும் சில களிம்புகளில் செராமைடு சேர்த்திருக்கும். அது உதிர்ந்த கலவைக்கு ஈடு கொடுக்கும். பாந்தெனால் சேர்ந்த களிம்பும் உண்டு. அது வைட்டமின் பி வகையைச் சேர்ந்தது. தோலில் ஈரத்தைக் காக்கும்.

குதிகால் தடித்திருந்தால் யூரியா சேர்ந்த களிம்பு உதவும். நூற்றில் 10 பங்கு யூரியா உள்ள களிம்பு வறண்ட தோலை மென்மையாக்கும். ஆனால் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஒருபோதும் பூசாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும். இரத்தம் கசியும் வெடிப்பில் யூரியா களிம்பையும் பூச வேண்டாம். எரியும்.

கொலாஜன் களிம்பு என்று அதிக விலைக்கு விற்பார்கள். கொலாஜன் நம் தோலின் அடியில் உள்ள புரதம். ஆனால் அதன் மூலக்கூறு மிகப் பெரியது. மேலே பூசினால் உள்ளே போகாது. அந்தப் பணத்துக்குப் பருப்பும் முட்டையும் வாங்குங்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள். உடம்பு தானே கொலாஜனைச் செய்து கொள்ளும்.

குதிகால் வெடிப்புக்கு ஒரு முறை

1. இரவில் வெதுவெதுப்பான நீரில் காலைப் பத்து நிமிடம் வையுங்கள்.
2. துணியால் ஒற்றி எடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்.
3. கற்றாழைச் சோற்றில் சில சொட்டு கிளிசரின் கலந்து தடவுங்கள்.
4. அதன் மேல் வாசலின் பூசுங்கள்.
5. பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள்.

அன்றன்று வேண்டியதை அன்றன்று கலந்து கொள்ளுங்கள். எடுத்து வைத்தால் கெட்டுவிடும். சில வாரங்கள் விடாமல் செய்யுங்கள்.

கற்றாழை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பாருங்கள். ஒரு நாள் பொறுங்கள். அரிப்பும் தடிப்பும் இல்லை என்றால் பயன்படுத்தலாம்.

எப்போது செய்யக் கூடாது?

திறந்த புண்ணில் வீட்டுக் கற்றாழையை வைக்காதீர்கள். அதில் மண்ணும் கிருமியும் இருக்கலாம்.

தீக்காயம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் வேண்டாம். பனிக்கட்டியும் வேண்டாம். பெரிய காயம் என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையலாம். வெடித்தாலும் வலி தெரியாது. சிறு வெடிப்பு பெரும் புண்ணாகிக் காலையே இழக்க நேரலாம். தினமும் பாதத்தைப் பாருங்கள். காலை ஊறவைக்க வேண்டாம். வெடிப்பு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீழ், வீக்கம், காய்ச்சல் இருந்தால் யாராக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

உடனே தணிக்கும் களிம்பு நல்லதா?

கடையில் போய் அரிப்புக்கு மருந்து கேட்கிறோம். சில நேரம் ஸ்டீராய்டு களிம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் எல்லாம் இந்த வகைதான். தடவியதும் அரிப்பு போய்விடும். ஆனால் மாதக் கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும். படர்தாமரை இருந்தால் இன்னும் பரவும். இங்கே எரிச்சல் தணிகிறது. சுவரோ பலம் இழக்கிறது.

இத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரை மட்டும் பூசுங்கள்.

நாம் இப்போது படிக்கத் தெரிந்தவர்கள். களிம்பு வாங்கும்போது பெயரைப் படியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். மருந்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். புரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வேலையில் தோலைக் கெடுப்பது எது? கையுறையோ காலணியோ கிடைக்க என்ன செய்யலாம்?
2. கற்றாழை மட்டும் தடவினால் ஏன் போதாது?
3. உங்கள் வீட்டில் உள்ள களிம்பை எடுத்து வாருங்கள். அதன் பெயரையும் தேதியையும் எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.